வட்டம்

வட்டம் என்கிறார்கள்.
மண்டல அலுவலகச் சுவரில் பார்த்திருக்கிறேன்:
கல்லில் ஒட்டிக்கொண்டதைக் கரண்டியால் பிய்த்தெடுத்த தோசை.
ஓட்டேரிப் பக்கம் ஒரு காது,
ரயில் பாதைப் பக்கம் ஒரு வால்.
வட்டமாய் எதுவும் இல்லை அதில்.

போன தேர்தலுக்கு முன்னால் கோடு போட்டவர்கள்
சடையப்பன் தெருவின் நட்டநடுவில் இழுத்துவிட்டுப் போனார்கள்.
ஒற்றைப்படை வீடுகள் ஒரு வட்டம்,
இரட்டைப்படை இன்னொன்று.
கோட்டுக்கு நேர் கீழே பாதாளச் சாக்கடை மூடி.
மூடி எந்த வட்டத்துக்கு என்று
இரண்டு டிப்போ பொறியாளர்களும்
இரண்டு வருடமாய்க் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள்.
அது மட்டும் பாரபட்சம் பார்க்காமல்
இரண்டு பக்கமும் வழிகிறது.

என் இஸ்திரி வண்டி மூடிக்கு நாலடி தள்ளி.
ஆக்கிரமிப்பு என்று இந்தப் பக்கத்து ஆள் வந்தால்
அந்தப் பக்கம் தள்ளுவேன்.
அந்தப் பக்கத்து ஆள் வந்தால் இந்தப் பக்கம்.
கோடு சோறு போட்டது எனக்கு மட்டும்தான்.

அரசியல் தெரியாது. கரை தெரியும்.
எந்த வேட்டி எந்தக் கரை,
யார் ஒரு மாதம் வெறும் வெள்ளைக்கு மாறி
பிறகு புதுக்கரையோடு வருகிறார் என்பதெல்லாம்
பேப்பருக்கு முன்னால் என் மூட்டைக்கு வந்துவிடும்.
வட்டச் செயலாளர் மோசஸ் கட்சி மாறியது
அவர் பெண்டாட்டிக்கே
நான் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பக்கம் பெண்களுக்கு ஒதுக்கினது.
கனகவல்லி ஜெயித்தாள்.
கவுன்சிலரே என்று கூப்பிட்டால்
அவள் புருஷன் தணிகைவேல் திரும்புகிறான்.
அவளுக்குப் பெயர் கவுன்சிலர் வீட்டம்மா.
லெட்டர்பேடு அவன் பைக்கில்,
ரப்பர் முத்திரை அவன் சட்டைப் பையில்.
ஊதா மை பையின் அடியில் பிறையாய்ப் படிந்து
எந்தச் சோப்புக்கும் அசையாமல் கிடக்கும்.
அதன் மேல்தான் தினமும்
என் பெட்டி போய் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பையில்
சட்டையோடு துவைபட்ட காகிதம்.
நாலாய் மடித்து, நனைந்து, காய்ந்து
அப்பளமாய் இருந்தது.
பிரித்தேன். தப்புதான்.
மாமன்றக் கூட்டத்தில் கேட்க
அவள் கையெழுத்தில் மூன்று கேள்வி.
ஒன்று கரைந்துபோயிருந்தது.
ஒன்று பாதி: ‘பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு’
மூன்றாவது மட்டும் முழுசாய்:
‘மாண்புமிகு மேயர் அவர்களே,
என் தெருக் கொசுக்கள்
எந்த வட்டத்து வாக்காளர்கள்?’

அவன் பிடுங்கி வைத்துக்கொண்டானா,
அவளே கொடுத்துவிட்டாளா,
யாரைக் கேட்பது.
காகிதத்துக்கு எவ்வளவு சூடு என்று
இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.
பட்டுக்கு வைக்கிற சூட்டில் தேய்த்தேன்.
மடிப்பு போனது. மை நின்றது.
அவளுடைய மஞ்சள் புடவை மடிப்புக்குள் வைத்துக் கட்டினேன்.
அவன் சட்டை தனி மூட்டை.

அடுத்த வாரம் அவளே வந்தாள்,
பையனை அனுப்பாமல்.
காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
போன தடவை ஒரு ஜாக்கெட்டுக்குக் காசு விட்டுப்போனது என்று
எட்டு ரூபாய் எண்ணி வைத்தாள்.
“வரேன்” என்று நகர்ந்தவளை
“கவுன்சிலரே” என்றேன்.
பழக்கத்தில்
பின்னால் திரும்பிப் பார்த்தாள்
யார் வந்தது என்று.

கூட்டத்தில் கேட்டாளா தெரியாது.
டிவியில் வெளிநடப்பைத்தான் காட்டினார்கள்.
செவ்வாய்க்கிழமை லாரி வந்தது,
குழாயும் நாலு ஆளும்.
ஒற்றைப்படைக்காரர்கள் அவரவர் வாசலில்,
இரட்டைப்படைக்காரர்கள் அவரவர் வாசலில்,
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே கூட்டமாய்.
“யக்கா, வண்டியை எடு” என்றான் லாரிக்காரன்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
கரி கனன்றுகொண்டிருக்கிற பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி
இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றேன்.