மூன்றாம் இலையில் நகப்பூச்சு

ஒரே மூட்டை விதை, ஒரே நாள் விதைப்பு.
பாதி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில்.
பாதி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
நாகலூருக்கு அப்பால் ஒரு சரிவில்.
தீவனச் சோளம்.
என் வேலை இலை எண்ணுவது.

சிரிக்க வேண்டாம், சம்பளம் உண்டு,
பஸ் காசு தனி.
அடியிலை முதலில் பழுத்து உதிரும்;
உதிர்ந்ததை மறந்தால் கணக்குப் பிசகும்.
அதனால் மூன்றாம் இலை நுனியில்
சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு.
புது பஸ் ஸ்டாண்டில் முப்பது ரூபாய்க்கு வாங்கினது.
என் நகத்துக்கு மிச்சமில்லை.

அடிவாரத்தில் மூன்று நாளுக்கு ஓர் இலை
குருத்தின் குழலிலிருந்து சுருள் பிரிந்து வந்தது.
மேலே ஐந்து நாள்.
மலைச் சோளம் சோம்பேறி என்று
நோட்டில் எழுதி, பிறகு அடித்தேன்.
அன்றன்றைய சூட்டில் பத்தைக் கழித்து
மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால்
கீழே மூன்று நாளும் மேலே ஐந்து நாளும்
ஏறக்குறைய ஒரே தொகை.
ஆனி ஆடியெல்லாம் எனக்குத்தான்.
சோளம் வெயிலைச் சில்லறையாக வாங்கி
முழு நோட்டானதும்
ஓர் இலை தருகிறது.

மேற்குப் பாத்திக்கு யூரியா போட்டோம்.
இலை அகன்றது, நீண்டது, கருத்தது,
தூரில் பக்கக் கிளையும் விட்டது.
ஆனால் முறை வருமுன்
ஒரு குருத்தும் முந்திக்கொள்ளவில்லை.

அடிவாரத்தில் பதினோரு நாள் மழையில்லை.
மதியம் போனால் பாத்தி முழுக்க
யாரோ உட்கார்ந்து பீடி சுற்றி வைத்ததுபோல் இலைகள்.
கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் விரிந்தன.
அந்த வாரம் வளர்ந்த இலை மட்டும் குட்டை,
பிறகு எத்தனை தண்ணீர் பாய்ச்சியும்
குட்டை.

மேலே, ஒரு செவ்வாய்க்கிழமை,
சடையம்மாளின் செவலை வேலியைத் தள்ளிவிட்டது.
நான் போனபோது
பன்னிரண்டாம் செடி முழங்காலிலிருந்து முறத்தளவு காணோம்.
பதிமூன்று பாதி. பதினாலு மிதிபட்டிருந்தது.
'அய்யோ என் பன்னெண்டு' என்றேன்.
அவள் ஓடிவந்த மூச்சோடு கேட்டாள்,
'செடி கெடக்கட்டும் கண்ணு,
எத்தன வாய் தின்னுச்சு?'

இளஞ்சோளம் மாட்டைச் சாய்க்கும்.
அதுவும் வாடி நின்ற சோளம் என்றால்
கொட்டகைக்குத் திரும்பக்கூட விடாது.
'இங்க மழை இருந்துச்சு, வாடல' என்றேன்.
என் நோட்டில் மழைக்கும் ஒரு பத்தி உண்டு.
முதல்முறையாக அதை
எண்ணுவதற்கில்லாமல் பிடித்துக்கொள்வதற்குப் புரட்டினேன்.

கடைசி பஸ் போனது.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டு பேரும்
மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நுரை தள்ளுகிறதா, கால் பின்னுகிறதா.
பனி இறங்கியது. அவள் சாக்கு ஒன்று தந்தாள்.
விடியலில் செவலை
நீளமாக மூத்திரம் பெய்துவிட்டு
அசைபோட ஆரம்பித்தது.
சடையம்மாள் அதன் முகவாயில் ஓர் அறை விட்டாள்,
பிறகு அழுதாள்.

ஆபீசில் போன் பண்ணிச் சொன்னார்கள்,
பன்னிரண்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடு.
பென்சிலால் மெல்லக் கோடிட்டேன்.
பொட்டு வைத்த மூன்றாம் இலை மாட்டின் வயிற்றில்.
இனி மேலே வருவது எட்டாவதா ஒன்பதா,
யாரும் சொல்ல முடியாது.

எட்டு நாள் கழித்துப் போனேன்.
பல் பட்ட விளிம்பு, ரம்பம்போல்,
நாலு விரல் மேலே ஏறியிருந்தது.
புல்லின் இலைக்கு நுனிதான் மூத்தது;
புதுசெல்லாம் அடியிலிருந்து
கண்ணில் படாமல் தள்ளுகிறது.
தின்ற இடத்தையும் தூக்கிக்கொண்டு
அது வளர்ந்திருந்தது,
கூர் இல்லாமல்.

ஸ்கேலை வைத்தேன். பதினெட்டரை.
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்.