உற்பத்தி நாடு

விடியுமுன், ஐந்தே காலுக்கு, பாலத்தில் நிற்கிறேன்.
பக்கத்தில் லாரிகள். கீரை, முட்டை,
கிழிந்த தார்ப்பாய்க்குள் மூச்சுவிடும் ஏதோ ஒன்று.
கூடவே வருகிறது தடித்த குழாய்,
ஜொகூர் தண்ணீரைத் தெற்கே இழுத்துக்கொண்டு.
அதனிடம் யாரும் கட்டைவிரல் கேட்பதில்லை.
என்னிடம் கேட்கிறார்கள். ஈரம் துடைத்து வைக்கிறேன்.

உட்லண்ட்ஸில், மீன்வாடை போகாத மின்தூக்கி ஏறினால்
ஆறாவது மாடியில் என் மேசை.
சுங்கப் படிவம் நிரப்புவது வேலை.
சரக்கின் பெயர், எடை, பெட்டி எத்தனை,
உற்பத்தி நாடு.
கடைசிக் கட்டத்தில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள்.
ஓரிடத்தில் வெட்டி, ஓரிடத்தில் தைத்து,
இன்னோரிடத்தில் பித்தான் வைத்த சட்டையிடம்
சொந்த ஊர் கேட்டால் அது என்ன சொல்லும்?

நான் சேர்ந்த இரண்டாம் வருடம்
கொரியாவிலிருந்து பானைகள் வந்தன, நானூற்றிருபது பெட்டி.
இரும்பு தெற்கிலிருந்து. கை வடக்கிலிருந்து.
எல்லை வேலிக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டையில்
காலை பஸ்ஸில் வந்திறங்கும் வடக்குப் பெண்கள்
வளைத்து, துடைத்து, அடுக்கியவை.
என்ன எழுத?
சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் அதற்கொரு வரி இருக்கிறது என்றார்
முதலாளி பியோன்.
அங்கே செய்ததும் தெற்கில் செய்ததாகவே கணக்கு.
எழுதினேன். வெறும் கொரியா.
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி
அங்கேயே நின்றுவிட்டார்.
தள்ளுங்கள், வெளிச்சம் மறைக்கிறது என்றேன்.
அவர் அம்மா அந்தப் பேட்டை ஊர்க்காரி என்று
அப்போது எனக்குத் தெரியாது.

பத்து வருடம் அந்தக் கட்டத்துக்குள்
ஒரு தேசம் சேர்ந்திருந்தது,
இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில்.
பிறகொரு பிப்ரவரியில் பேட்டையை மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை, மீன்தலைக் கறி வருமுன் கேட்பார்:
"உங்கள் இரண்டும் மறுபடி சேருமா?"
இங்கே யாரும் கேட்காத கேள்வி.
அத்தைக்கு இளஞ்சிவப்பு அட்டை, அப்பாவுக்கு நீலம்.
அறுபத்தைந்தில் அவருக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்திருந்தது,
அவ்வளவுதான் வரலாறு.
ஒன்றுக்கு ஒன்றாய் இருந்த வெள்ளி
இப்போது ஒன்றுக்கு மூன்றைத் தாண்டி நிற்கிறது.
அந்த மூன்றுதான் என் வீட்டுக் கடன்,
மகளின் பல்லுக்குக் கம்பி.
சேர்ந்தால் என் கதி?

"சேர மாட்டோம் என்று ஆனதால்தான்
எல்லாம் போகிறது, வருகிறது" என்றேன்.
"ஆற்றுத் தண்ணீர் வருகிறது.
ஒரு பங்கு சுத்தமாகித் திரும்புகிறது.
இரண்டுக்கும் விலை, விலைக்குச் சண்டை.
குழாயில் பாசமெல்லாம் ஓடவில்லை, பியோன். பில் வருகிறது."

முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.
இன்னொன்று. இன்னொன்று.
"ஒரே நாடு என்று எழுபது வருடம் பாடினோம்.
இப்போது வடக்கு அந்தப் பாட்டையும் நிறுத்திவிட்டது.
தங்கைக்கு ஒரு கடிதம் போட முடியாமலே
அம்மா போய்ச் சேர்ந்தாள்.
நீ பில் என்கிறாய்.
யாராவது எங்களுக்கு ஒரு பில் அனுப்பட்டுமே.
அதில் முகவரி இருக்கும்."

அன்று கறிக்கு நான் காசு கொடுத்தேன்.
மறுத்துவிட்டு, பாதியை என் மேசையில் வைத்துப் போனார்.

மாதிரிக்கு வந்த பானை ஒன்று
ஆபீஸ் அடுப்படியில் இன்னும் கிடக்கிறது.
கைப்பிடி ஆடும். மூடி வேறெதற்கோ உரியது.
அதில்தான் நூடுல்ஸ் கொதிக்கும்,
யார் கடைசியோ அவர் கழுவ வேண்டும்.
இன்று நான்.
குழாயைத் திறந்து கவிழ்த்துத் தேய்த்தேன்.
அடியில் முத்திரை இருந்த இடம் வழவழவென்றிருந்தது.

பாலத்தில் நெரிசல், இரண்டு மணி நேரம் என்கிறது போன்.
லாரிகள் காலியாகத் திரும்புகின்றன.