காஸ் துணி

கையைக் கட்டியது காஸ் துணியால்.
மட்டமான நெசவு. அச்சில் பல்லை விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறான்
என்னைப் போல எவனோ ஒருத்தன்.
இடது மணிக்கட்டில் நாலு சுற்று, வலதில் மூன்று,
கட்டில் கம்பியில் முடிச்சு.
தொண்டைக்குள் குழாய்.
"முடிச்சு சரியில்லைங்க" என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரி, நாலாவது மாடி,
பதினோரு நாள்.
பகலா ராவா தெரியாத வெளிச்சம்.
"அவுத்துவிட்டாப் புடுங்கிருவாரு" என்று
என் மேலேயே குனிந்து பேசிக்கொண்டார்கள்,
ஓடாத தறியைப் பற்றிப் பேசுவது மாதிரி.

சாமி புண்ணியத்துல பொழச்சு வந்துட்டே என்கிறார்கள்.
ஆமாங்க என்கிறேன்.
கெடா வெட்டி ஊருக்கே சோறு போட்டாயிற்று.
சட்டைக்கைப் பொத்தான் மட்டும் போட முடியவில்லை.
வாட்ச் டப்பாவிலேயே கிடக்கிறது.
மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டவந்த பூசாரியிடமிருந்து
கையை உருவிக்கொண்டு வெளியே போய்ச்
செருப்புகளுக்கு நடுவே நின்றேன்.

தறிக்குடோன் பரவாயில்லை.
பன்னிரண்டு தறியும் ஒன்றாக அடிக்கையில்
அந்த மிஷினின் பீப் காதில் ஏறாது.
கரண்ட் போனால்தான் சங்கடம்.

அங்கே ஒருத்தன் இருந்தான். தரை துடைக்கிறவன்.
எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு
"ஏனுங்ணா, மூக்கு அரிக்குதுங்களா?" என்றான்.
கையுறையைக் கழற்றி, கை கழுவி வந்து
சொறிந்துவிட்டான்.
அழுதேன். நர்ஸ் ஓடிவந்து
வலியென்று நினைத்து ஊசி போட்டார்.

மறுபடி காட்டப் போனபோது
அவனுக்கென்று சோமனூர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினேன்.
லிஃப்ட் கதவு வரைக்கும் போனேன்.
அதற்குமேல் கால் நகரவில்லை.
செக்யூரிட்டி சொன்னார், "காண்ட்ராக்ட் மாறிருச்சுங்க.
பேர் என்னங்க அவருக்கு?"
பேர் தெரியாது.
பஸ்ஸில் நானும் ரங்கநாயகியும் பன்னைத் தின்றோம்.

போன செவ்வாய் பகல் முழுக்க மின்தடை.
குடோன் ஊமையாகி
என் மூச்சு எனக்கே கேட்டது.
சோத்துத் தூக்கோடு வந்தவள் என் கையைப் பார்த்தாள்.
வலது கை, இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.
"கட்டறதுக்குக் கையெழுத்துப் போட்டது நாந்தான்" என்றாள்.
பதினாலு மாதம் கழித்து.
"படிக்கலை. எங்க போடோணும்னு காட்டுனாங்க, போட்டுட்டேன்."

கோபம் வந்தது. மறைக்கவில்லை.
அரிசிம்பருப்பு ஆறிப்போகிற வரைக்கும்
தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.
அப்புறம் சொன்னேன்,
உன்னைத்தான் கூப்பிட்டேன். குழாய்க்குள்ளயே கூப்பிட்டேன்.
"கீழதான் நின்னுட்டிருந்தேன். ராத்திரியெல்லாம். மேல விடலை."

பாதி தின்றிருப்போம், கரண்ட் வந்துவிட்டது.
முதல் தறி, மூன்றாவது, பிறகு எல்லாமும்.
என்னமோ சொன்னாள். கேட்கவில்லை.
காதருகே வந்து கத்தினாள்.
உப்புக் கம்மியாம்.