பக்கம் 143, நீல மை

நாவலில் அந்த மனிசிக்குப் பெயர் இல்லை.
மாத்தளனில் கஞ்சி வரிசை. வெறும் வாளி.
முன்னூறு பக்கத்தில் ஒருக்காத்தான் வாய் திறக்கிறா,
அதுவும் நாலு சொல்.

மூன்றில் பிழையில்லை என்றார் கலாநிதி சிவகடாட்சம்.
நாலாவதுக்குப் புள்ளி போடும்.

எத்தனை புள்ளி, சேர்?

பம்பைமடுவில் மின்விசிறி
சத்தத்தை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தது.
எழுத்துக்கு ஒன்று என்றார். பிறகு,
வேண்டாம், ஆறு என்றால் எண்ணிப் பிடிச்சிடுவாங்கள்,
மூன்று காணும்.

என் கையில் இருப்பது நூலகப் பிரதி, இரண்டாம் பதிப்பு.
பதிப்பாளர் எங்களை முந்திவிட்டார்:
அச்சிலேயே புள்ளிகள்.
அதன்மேல் யாரோ பென்சிலால்
"நாசமாப்போவார்" என்று நிரப்பியிருக்க,
இன்னொருவர் நீலப் பேனாவால்
அதை ஒரே இழுவையில் வெட்டி
வேறு சொல் எழுதி, ஓரத்தில்:
'நானும் அந்த வரிசையில் நிண்டனான்.
அவ சொன்னது இது.'

கற்பனைப் பாத்திரம் என்று
எட்டுப் பக்கம் எழுதி முடித்திருந்தேன்.

கஞ்சியிலுமோ கணக்குப் பாக்கிறியள், வேசமக்காள்.

ஏச்சு அகப்பை பிடித்தவர்களுக்கு.
விழுந்தது, அங்கே இல்லாத
அவர்களின் தாய்மாரில்.
அவர்களும் எங்கோ ஒரு வரிசையில்
வாளியோடு நின்றிருக்கலாம்.
இதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும், சேர்.
மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு
எந்தத் தாயைப் பற்றி எழுதுவது?

அவர் பதில் அனுப்பவில்லை.
வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.

கரடிப்போக்குச் சந்தி, தட்டச்சுக் கடை.
நிறோசினி ஒரு காதில் பாட்டுக் கேட்டபடி
அந்த வரியையும் மற்ற வரிகள் போலவே அடித்தாள்.
விரல் நிற்கவில்லை.
"அக்கா, இது ஒரு சொல்லோ, பிரிக்கிறதோ?"
சேர்த்தே போடு என்றேன்.

அடிக்குறிப்பு முப்பத்தேழு:
அச்சில் புள்ளிகள். சொல், நீல மை.
எழுதிய கை தெரியாது.

திரையில் சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு நெளிந்தது.
இரண்டு வரி மேலே,
மாத்தளனுக்குக் கீழேயும் அதே கோடு.
"ரெண்டும் இதுக்குத் தெரியாதாம்" என்று
அகராதியில் சேர் என்பதை
இரண்டு தரம் அழுத்தினாள்.

பக்கத்துக்கு நாற்பது ரூபா.
அடிக்குறிப்புக்குத் தனிக் காசில்லை.