பன்னிரண்டரை

காலை எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு மட்டும்
என்ர ஓட்டோ ஏணிக்கு.
இரண்டு தொடக்கம் ஆறு மட்டும் அரிக்கன்லாம்புக்கு.
இடையில சோறு, ஒரு கோழி நித்திரை,
கொடி மாத்திறது, பென்ட்ரைவ் மாத்திறது.
இரண்டு கட்சிக்கும் இது தெரியும்.
எண்ணெய்க் காசு இரண்டு பேரும் பிந்தித்தான் தருவினம்,
அதில மட்டும் கொள்கை ஒண்டு.

ஒட்டுசுட்டானில வெளிக்கிட்டால்
முத்தையன்கட்டு இடதுகரை மட்டும் பள்ளமும் திட்டியும்.
பதிஞ்ச குரல் எங்கயோ குளிர் அறைக்குள்ள இருந்து பேசினது.
சில்லு பள்ளத்தில விழுந்து எழும்ப
"உங்கள் பொன்னான" எண்ட இடத்தில
வாக்கு விக்கும்.
சின்னனுகள் அதைத்தான் பாடமாக்கி
பின்னால ஓடிவருவினம்:
பொன்னான வா வா வா

பதின்மூண்டாம் நாள் யோகமலர் மறிச்சாள்,
இரண்டு கையையும் விரிச்சு, நடு றோட்டில.
"அண்ணை, உதுக்குள்ள என்ர கிடாரியையும் ஒருக்காச் சொல்லுங்கோ."
விதைப்பு முடிஞ்ச நேரம்.
கட்டாத மாடு வயலுக்க இறங்கினால்
தண்டம் அவளுக்கு, வெட்டு மாட்டுக்கு.
வாழ்வாதாரம் எண்டு வந்த கண்டு,
காதில மஞ்சள் தகடு.
அந்த இலக்கம் அவளுக்குப் பாடம்.
வேட்பாளர் இலக்கம் கேட்டால் சிரிப்பாள்.

நேரம் பன்னிரண்டரை.
பென்ட்ரைவைக் கழட்டினன். மைக்கை ஊதினன்.
என்ர குரல் எனக்கே பிறத்தியாற்ர போல கிடந்தது.

"சிவப்புக் கிடாரி. நெத்தியில வெள்ளைப் பொட்டு.
இடக்கொம்பு உள்ளுக்கு வளைஞ்சது.
வெள்ளி பின்னேரத்தில இருந்து காணேல்ல.
கண்ட ஆக்கள் கட்டி வையுங்கோ."

காணேல்ல எண்ட சொல்லு
அந்தக் குழாயால போன விதம் எனக்குப் பிடிக்கேல்ல.
வேலிக்கு வேலி ஆக்கள் வந்து நிண்டிச்சினம்.
முன்னுக்குச் சொன்னது ஒண்டும் கேளாமல்
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எழும்பி வந்த மாதிரி
ஒரு மனிசி படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.
"மாடு அக்கா, மாடு" எண்டன்.
தலையாட்டிப்போட்டு உள்ள போனா.

அண்டிரவே கிடாரி கிடைச்சிட்டுது.
மூடிக்கிடக்கிற அரிசி மில்லுக்குப் பின்னால
ஆரோ இப்பிலிப்பிலில கட்டி
குழையும் வெட்டிப் போட்டிருந்தினம்.

விடிய, துஷாகரன் ஃபோனோட வந்திட்டான்.
நாப்பதாயிரம் பேர் பாக்கிற சனல் அவன்ர.
"அக்கா, சந்தோசத்தில ஒருக்கா அழுங்கோ."
யோகமலருக்கு அழுகை வரேல்ல,
கிடாரி சாணி போட்டுது.
அதை வெட்டிப்போட்டு ஏத்தினான்:
ஏழைத் தாயின் பசுவை மீட்ட ஏணி.
மத்தியானம் லாம்புக்காரர் மூண்டு வானில வந்து இறங்கிச்சினம்.
"பின்னேரம் ஓட்டோ எங்கட" எண்டு
கிடாரிக்கு மாலை போட்டிச்சினம்.
கிடாரி மாலையைத் திண்டிட்டுது.
ஞாயிற்றுப் பேப்பரில அரைப் பக்கம்,
"கால்நடையும் வன்னி வாக்காளர் மனநிலையும்".
எழுதினவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.
படத்தில நிண்டது வேற மாடு.

பன்னிரண்டரை ஏணியின்ர நேரமுமில்லை,
லாம்பின்ர நேரமுமில்லை.
ஒருத்தரும் அதைக் கேக்கேல்ல.

இண்டைக்குப் பிரசாரம் ஓய்ஞ்ச நாள்.
சத்தம் போட்டால் பொலிஸ்.
கொடியில்லாத ஓட்டோ மொட்டையடிச்ச பிள்ளை மாதிரி நிக்குது.
படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மனிசி
அவ்வளவு தூரம் நடந்து வந்தா.
கையில நாலா மடிச்ச கொப்பித்தாள்.
"சின்ன அறிவித்தல்தான் தம்பி.
ஒரு பேர், ஒரு திகதி, நிண்ட இடம்.
அவசரமில்லை. எலெக்சன் முடியச் சொன்னாலும் காணும்."

தாள் சேட்டுப் பொக்கற்றுக்க கிடக்கு.
பிரிக்கேல்ல.
வாடகைக்குத் தந்தவன் நாளைண்டைக்கு விடிய வந்து
குழாயைக் கழட்டிக்கொண்டு போவான்.