பதினோரு கிராம்

பெலோ ஒரிசோன்ச்சியின் மத்தியச் சந்தையில்
பாலாடைக்கட்டி வெட்டி விற்பவள் நான், லுசிமாரா.
முன்னூறு கிராம் கேட்டால்
முன்னூறில் போய் நிற்கும் என் கத்தி.
தராசு சும்மா,
வாங்குகிறவரின் நிம்மதிக்கு.

இருபத்தாறு வயதில் வைத்துக்கொண்டேன்.
முப்பத்தாறு தவணை.
யாரும் கட்டாயப்படுத்தவில்லை
(கைகாட்ட ஒருவர் இருந்திருந்தால்
எவ்வளவு வசதி).
பச்சை நீச்சலுடையில் கடல் பார்க்கப் போனேன்.
சந்தோஷமாகத்தான் இருந்தேன்,
அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்பதாம் வருடம்
காலையில் விரல்கள் மடங்க மறுத்தன.
மாலையானால் ஒரு காய்ச்சல்,
வெப்பமானியில் ஏறாத காய்ச்சல்.
குளியலறைச் சல்லடையில் கற்றை கற்றையாய் முடி.
பெரிய வட்டுகளைத் தூக்கித் தர
பக்கத்துக் கடை ஜிர்செயு கேளாமலே வருவான்.
ஒருநாள் அவனிடம்,
'அதை எடு, அந்த... வெட்டுவதை' என்றேன்.
கத்தி என்ற சொல் வரவில்லை.
கத்தி என் கையிலேயே இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி.
இன்னும் எடுத்தார்கள். இன்னும் சரி.
ஒருவர் தூங்கச் சொன்னார்,
ஒருவர் மனசு என்றார்,
ஒருவர், என் மார்பைப் பார்த்தபடியே,
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.
அன்றைக்கு
அரைக் கிலோ கேட்ட அம்மாளுக்கு
நானூற்றுப் பத்து வெட்டினேன்.
பதினேழு வருடத்தில் கத்தி சொன்ன முதல் பொய்.

எடுத்துவிடுங்கள் என்றேன்.
வைக்கத்தான் தவணையாம்;
எடுக்க ரொக்கம்.
மோட்டார் சைக்கிள் போயிற்று.
டாக்டர் நெய்ஜி
நகம் ஒட்ட வெட்டிய கைகளை மேசைமேல் வைத்துச் சொன்னார்:
'சிலருக்குக் குணமாகிறது. சிலருக்கு இல்லை.
ஏனென்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.'
மூன்று வருடத்தில்
நான் நம்பிய முதல் வாக்கியம்.

விரட்டவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல்
உடம்பு சுற்றி எழுப்பிய சுவரை
சோதனைச்சாலை வைத்துக்கொண்டது.
உள்ளே இருந்த இரண்டையும்
கேட்டு வாங்கிவந்தேன்,
மூடி திருகிய ஜாடியில்.
ஞாயிறு, சந்தை அடைத்த பிறகு
தட்டைத் துடைத்து ஒவ்வொன்றாய் வைத்தேன்.
அன்று தந்த அட்டையில் முன்னூற்றிருபது.
வலது, முன்னூற்றிருபது.
இடது, முன்னூற்று முப்பத்தொன்று.
மீண்டும் துடைத்து மீண்டும் வைத்தேன்.
அந்தப் பதினோரு கிராம்
யார்?

ஏழு மாதமாகிறது.
பத்து மணிக்கு மடங்கிய விரல்கள்
இப்போது ஏழுக்கே மடங்குகின்றன.
முழங்கால் அப்படியேதான்.
முடி முளைக்கிறது, வேறு நிறத்தில்.
தழும்பின்மேல் தளர்ந்து கிடக்கிறது சட்டை,
பொத்தான்களுக்கு நடுவே காற்று நுழைகிறது.

இன்று காலை ஒருவர் முன்னூறு கேட்டார்.
வெட்டினேன்.
தராசைப் பார்த்தேன்.