எட்டு வெள்ளி

பாடாங் செராயில், நலத்துறை அலுவலகத்துக்கு எதிரே
போட்டோஸ்டாட் கடையில் வேலை எனக்கு.
அடையாள அட்டை இரண்டு பக்கமும் இருபது காசு,
பாரம் நிரப்ப இரண்டு வெள்ளி.
இல்லாதவர்களிடம் கேட்பதில்லை.
அவர்கள்தான் சில்லறையாய் எண்ணிக்
கையில் திணித்துவிட்டுப் போவார்கள்.

அமராவதி நான்காவது முறை வந்தாள்.

போன மாதம் முகவரி.
தோட்டத்தின் பெயரையும் இரண்டாவது டிவிஷனையும் தட்டினால்
அப்படி ஓர் இடமே இல்லை என்றதாம் கணினி.
செம்பனையைச் சாய்த்து மாடிவீடு கட்டிவிட்டார்கள்.
லயத்தின் கடைசி வரிசையில்
இவள் வீட்டுத் துணி மட்டும்
இன்னும் காய்கிறது.

அதற்கு முன்னே கிராணி சொன்னாராம்,
"உங்க ஆளுங்களுக்குத்தான் தனிப் பிரிவு இருக்கே, அங்க போங்க."
பஸ் ஏறி அலோர்ஸ்டார் போனால்
"இது எல்லாருக்கும் உள்ள உதவி, உங்க ஊர்லயே கேளுங்க."
இரண்டு வாசலுக்கும் நடுவே
போக வர பதினாறு வெள்ளி எழுபது காசு.
அதை எழுதப் பாரத்தில் இடமில்லை.

பெஞ்சில் ரொஸ்னானி அக்கா நகர்ந்து இடம் விட்டாள்,
பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள்.
அவளுக்கும் புருஷன் இல்லை, வாடகை பாக்கி.
அவளுக்கு இரண்டாம் மாதமே வந்துவிட்டது.
கம்பத்துத் தலைவர் வீடு தேடி வந்து
முத்திரை குத்திவிட்டுப் போனார்.
லயத்துக்கு யார் தலைவர்?
மேனேஜர் போய் ஆறு வருஷம்,
பங்களாவில் குரங்கு குடியிருக்கிறது.
ரொஸ்னானி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
பிறகு பிஸ்கட்டையே இன்னொரு முறை நீட்டினாள்.

இந்தத் தடவை வருமானம்.
மகன் கையுறைத் தொழிற்சாலையில்
தீபாவளிக்காக இரண்டு ஞாயிறு ஓவர்டைம் நின்றிருக்கிறான்.
கோட்டுக்கு மேலே எட்டு வெள்ளி.

"எட்டு வெள்ளியில பணக்காரி ஆயிட்டேன் பாரு."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
இயந்திரம் பச்சை வெளிச்சத்தை
இழுத்துக்கொண்டே போனது.

ஏழையை இன்னும் கொஞ்சம் ஏழையாக எழுதுவது
என் தொழிலில் பாதி.
பேனா மூடியைத் திறந்தேன்.
"ஓவர்டைம விட்டுடலாங்கா, யாருக்குத் தெரியும்?"

"வேணாம்மா.
காலு வீங்கி வந்தான் பையன்.
அது நடக்கலன்னு எழுதாத."

எழுதினேன், எட்டு வெள்ளியோடு.
சாலையைக் கடந்து போனாள்,
கையில் நூற்றுப் பதினான்காம் எண்.
உள்ளே முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

நகலைக் கோப்பில் வைக்கும்போது பார்த்தேன்:
பெயர் கேட்டேன், பிள்ளைகள் கேட்டேன்,
அடுப்புக்கு என்ன எரிக்கிறாள் என்றுகூடக் கேட்டேன்.
இனம் என்ற கட்டத்தை மட்டும்
அவளைக் கேட்காமலே நிரப்பியிருக்கிறேன்.